காவடி எடுத்தவர் உண்டியலில் எவ்வளவு போட்டார்?

மதம் இல்லாமல் மனித குலம் வாழ முடியுமா என்று மாட்டுங்கா வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உலக மக்களில் 24.2 சதவீதம் பேர் எந்த மதத்தையும் சேராதவர்கள் என்று பியூ ஆய்வு மையம் 2025இல் வெளியிட்ட கணக்கைப் பார்த்துவிட்டு வந்த கேள்வி. இதை வைத்து மதத்துக்கு நாள் குறிப்பது அவசரம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சீனர்கள். அங்கே மதம் இல்லை என்பவர்களிலும் பலர் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். மதம் மனிதனின் பிறவிக்குணம் என்கிற எதிர்த்தரப்பின் ஆரவாரமும் நம்பும்படி இல்லை. 2004இல் 'கடவுள் மரபணு' என்று ஒரு புத்தகமே வந்தது. அதற்கு ஈடான ஆதாரம் வரவில்லை.

மரபணுவை விடுங்கள், காவடியைப் பாருங்கள். மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை டிமிட்ரிஸ் சிகலாதாஸ் என்ற மானுடவியலாளரின் குழு ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டது. அலகு குத்தி, முதுகில் கொக்கி மாட்டி, வெயிலில் மணிக்கணக்கில் நடந்தவர்கள் ஒரு பக்கம். அமர்ந்து கூட்டு வழிபாடு செய்தவர்கள் இன்னொரு பக்கம். ஆய்வில் பங்கேற்றதற்கு ஆளுக்கு 200 ரூபாய். அதில் விரும்பியதை, யார் கண்ணிலும் படாமல், கோயிலுக்குக் கொடுக்கலாம். கூட்டு வழிபாட்டுக்காரர்கள் சராசரியாக 80 ரூபாய் அளவில் போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் 130 அளவில். எல்லோரையும் மிஞ்சியவர்கள், அலகு குத்தாமல் கூடவே நடந்து வந்தவர்கள்: ஏறக்குறைய 160! வலி எவ்வளவு என்று உணர்ந்தார்களோ அந்த அளவுக்குக் கையும் தாராளமானது. செம்பூர் செடா நகர் முருகன் கோயிலுக்குக் காவடியோடு நடந்தவர்களுக்கு இது புரியும்.

தாராவியில் சீட்டு கட்டுகிறவர்களுக்கும் புரியும். முதல் மாதமே சீட்டை எடுத்தவர் ஓடிவிட்டால்? அதனால்தான் ஆள் தெரியாதவரைச் சேர்ப்பதில்லை. விரதமும் அலகும் ஊர் பார்க்கக் கட்டிய தவணை. போலியாகக் கட்ட முடியாது. இவர் ஓடமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கூட நடந்தவருக்கு, வலியைப் பார்த்ததே தவணை; கழிவு பிரிக்கும்போது அவரும் பங்காளி. சீட்டு பிடிப்பவர் மட்டும் கண்ணுக்குத் தெரியாதவர், அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கணக்குக் கேட்டால் என்ன ஆகும்? ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானுடவியலாளர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூட்டாக வாழ்ந்த 83 சமூகங்களை எடுத்துப் பார்த்தார். மதச் சமூகங்களில் கட்டுப்பாடு கூடக் கூட ஆயுளும் கூடியது. மதம் சாராதவற்றில் கட்டுப்பாட்டால் ஆயுள் கூடவில்லை. இந்தத் தியாகம் எதற்கு என்று அங்கே கேட்க முடிந்தது. பதில் திருப்தி தராதவர் மூட்டை கட்டினார்.

இந்தக் கேள்விக்கு நம் வரலாறும் உண்டு. மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில் அம்பேத்கரின் வீடான ராஜகிருகம் இருக்கிறது. அவரும் பெரியாரும் 1940இல் பம்பாயில் சந்தித்தார்கள். பெரியார் கடைசிவரை மதமே வேண்டாம் என்றார். அம்பேத்கர் 1956இல் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார்: படைத்தவன் இல்லாத மதம், ஆனாலும் மதம்.

டென்மார்க்கிலும் சுவீடனிலும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் குறைவு. அங்கே சீட்டு பிடிப்பது அரசாங்கம், வரிதான் தவணை. நோய்க்கும் முதுமைக்கும் வேலை போவதற்கும் அது பொறுப்பு. பிழைப்பு பற்றிய பயம் குறையும் இடத்தில் பக்தியும் குறைகிறது என்று அரசியல் அறிஞர்கள் பிப்பா நோரிஸும் ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டும் 2004இல் எழுதினார்கள். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. மதம் இல்லாமல் வாழ முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் தாராவித் தோல் பட்டறையில் தினக்கூலிக்கு இருப்பவர் திடீரென்று இறந்தால், உடலைத் திருநெல்வேலிக்கு அனுப்பப் பணம் திரட்டுவது யார்? கோயில் கமிட்டி, ஜமாத், சர்ச், ஊர்ச் சங்கம். அந்த வேலைக்கு வேறு ஆள் வைக்காமல் அவர் குடும்பத்திடம் மதத்தை விடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.