தீவுக் காடுகளும் காவலின் நீதியும்

பெருநிலத்தில் ஒரு காடு அழிந்தால், அங்கு வாழ்ந்த உயிரினங்கள் அடுத்த காட்டை நாடிச் செல்லக்கூடும். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. மக்களுக்கும் அதே நிலைதான். விறகும் மரமும் உழுநிலமும் அந்தச் சிறு பரப்பிலிருந்தே கிடைத்தாக வேண்டும். எனவே தீவுகளில் பொதுக் காடுகளைப் பேணுவது எப்படி என்று கேட்கும்போதே, அந்தக் காவலின் சுமையைத் தாங்குவோர் யார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களாக உள்ள கிழக்காப்பிரிக்கத் தீவுக் கூட்டமான சான்சிபார், இக்கேள்வியை ஆராய நமக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகிறது.

சான்சிபாரின் பெரிய தீவான உங்குஜாவில் 2004ஆம் ஆண்டு ஜோசானி - சுவாக்கா விரிகுடா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்காவே அத்தீவுகளின் முதல் தேசியப் பூங்காவாகும். சான்சிபாருக்கே உரிய சிவப்புக் கொலபஸ் குரங்கு இங்கு வாழ்கிறது. 2019இல் வெளியான கணக்கெடுப்பு, இவ்வினத்தில் 5800க்கும் மேற்பட்ட குரங்குகள் இருப்பதாகக் கண்டது. எனினும் அவற்றில் ஒரு பகுதி பூங்கா எல்லைக்கு வெளியே, உழவர்களின் தோட்டங்களையொட்டியே வாழ்கிறது. ஆகவே காவலர்களால் மட்டும் அவற்றைக் காத்துவிட முடியாது. உழவரின் இசைவும் வேண்டும்.

அந்த இசைவு எளிதில் கிடைப்பதன்று. குரங்குகள் குரும்பைகளைத் தின்பதால் தேங்காய் விளைச்சல் குறைகிறது என்று உழவர்கள் முறையிட்டனர். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, தேங்காய் அறுவடை அதனால் குறையவில்லை என்று காட்டியது. அதற்காக உழவரின் முறையீடுகள் அனைத்தையும் தள்ளிவிட இயலாது. மற்றப் பயிர்களை இழந்தவரின் இழப்பு உண்மையானதே. இதனை உணர்ந்தே, பூங்காவைக் காண வருவோர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு சுற்றுக் கிராமங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1996ஆம் ஆண்டின் வனச் சட்டம், கிராம மக்கள் வனத்துறையுடன் உடன்படிக்கை செய்துகொண்டு தம் பகுதிக் காட்டைத் தாமே நிர்வகிக்க வழி திறந்திருந்தது.

பெம்பா தீவின் மேற்கே உள்ள மிசாலி என்னும் சிறு தீவு மற்றொரு படிப்பினையைத் தருகிறது. ஹிழ்ர் (அலை) அவர்கள் இத்தீவையே தம் தொழுகை விரிப்பாகக் கொண்டார்கள் என்பது அப்பகுதி மீனவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. தீவின் பெயரும் தொழுகை விரிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 1998இல் இத்தீவும் அதன் பவளப் பாறைகளும் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. ஒரு பகுதியில் மட்டும் மீன்பிடிப்பு முற்றிலும் தடுக்கப்பட்டது. எஞ்சிய கடலில் மீனவரின் உரிமை தொடர்ந்தது. வெடி வைத்து மீன் பிடிக்கும் வழக்கத்தை ஒழிக்க, அரசாணையுடன் மார்க்க அறிவும் துணைக்கு அழைக்கப்பட்டது. இலங்கையில் பிறந்து, பிரிட்டனில் இஸ்லாமியச் சூழலியல் நிறுவனம் ஒன்றை நிறுவிய ஃபஸ்லுன் காலித் இம்முயற்சியில் முன்னின்றார். அமானிதம், வீண்விரயம், படைப்பின் சமநிலை ஆகியவை குறித்த திருமறைப் போதனைகள் மீனவர்களுக்கும் இமாம்களுக்கும் விளக்கப்பட்டன. அதிகாரியின் கண்ணுக்கு எட்டாத கடலில் மனிதனைத் தடுப்பது அவனது உள்ளச்சமேயன்றோ!

ஆயினும் போதனை மட்டும் போதும் என்று நாம் எண்ணிவிடலாகாது. இஸ்லாமிய மரபில் பொதுநலனுக்காக ஒதுக்கிக் காக்கப்பட்ட நிலத்திற்கு 'ஹிமா' என்று பெயர். அத்தகைய ஒரு நிலத்திற்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக நியமித்தபோது உமர் (ரலி) அவர்கள் வழங்கிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உஸ்மான் பின் அஃப்ஃபான் (ரலி) ஆகிய செல்வர்களின் மந்தைகளை விலக்குமாறும் அவர்கள் பணித்தார்கள். கால்நடைகள் மடிந்தால் செல்வர்களுக்குப் பேரீச்சந் தோப்பும் வயலும் உண்டு. ஏழையோ தன் பிள்ளைகளுடன் ஆட்சியாளரிடம் வந்து நிற்க நேரும் என்பதே அவர்கள் கூறிய காரணம். அநீதிக்குள்ளானவரின் பிரார்த்தனையை அஞ்சுமாறும் அந்தப் பொறுப்பாளரை எச்சரித்தார்கள்.

வேலி எங்கே போடுவது என்பதைவிட, அதன் வாயில் யாருக்குத் திறக்கும் என்பதே அந்த அறிவுரையின் மையம். உல்லாசப் பயணியின் படகுக்கு வழிவிட்டு மீனவரின் தோணியைத் தடுக்கும் பூங்கா, உமர் (ரலி) அவர்களின் நெறியைத் தலைகீழாக்குகிறது. காட்டின் பலனில் பங்கு பெறாதவரிடம் அதன் காவலை மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று. காடு அமானிதம் என்றால், அதன் அருகில் வாழும் ஏழையின் உரிமையும் அந்த அமானிதத்துள் அடங்கியதே.