குலதெய்வம் காண வரும் குழந்தைக்கு ஒரு காப்பு

பிள்ளைத்தமிழ் நூல்களில் பருவங்கள் பத்து. அவற்றுள் முதலாவது காப்புப் பருவம். குழந்தையின் அழகையும் விளையாட்டையும் பாடப் புகுமுன், அதனைக் காத்தருளுமாறு தெய்வங்களை வேண்டுவது மரபு. பெரியாழ்வாரோ கண்ணனையே குழந்தையாகப் பாவித்து, திருவெள்ளறையில் நின்றருளும் எம்பெருமானை அந்திக் காப்பிட அழைக்கின்றார். உலகைக் காப்பவனுக்கே ஒரு காப்பு வேண்டும் என்று துடிப்பதுதான் தாயுள்ளம்.

அந்தத் திருவெள்ளறைக்கும், அதற்கு அருகிலுள்ள சமயபுரத்திற்கும் என் பேத்தியை அழைத்துச் செல்ல நாங்கள் மேற்கொண்ட இரண்டு பயணங்களே இக்கட்டுரைக்குக் காரணம். அயல்நாட்டில் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் உள்ள குடும்பங்கள் நம் வாசகர்களில் பல. முடி காணிக்கைக்கும் காது குத்துவதற்கும் அவர்கள் தாயகம் வரும் காலம் இது. எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேராதிருக்கட்டும்.

மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் வசிக்கின்றனர். பேத்திக்குப் பதினொரு மாதம் ஆனபோது, முதல் மொட்டை சமயபுரத்தில் என்று முடிவாயிற்று. அங்கே மருத்துவமனையிலிருந்து குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரும்போதே காரில் அதற்கென்று தனி இருக்கை தேவை. எனவே, அந்தக் கார் சீட்டையும் கொண்டுவந்தார்கள். ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்பதால் விமானத்தில் அதற்கெனத் தனி இடம் வாங்கவில்லை. குழந்தை மடியில் வந்தது. இருக்கை பெட்டிகளோடு சரக்கறையில் வந்தது. சென்னையில் வந்திறங்கியபோது அதன் பிளாஸ்டிக் கூட்டில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

"விரிசல் விட்டதில் குழந்தையை உட்கார வைக்கக் கூடாது" என்றார் மாப்பிள்ளை. "அதனால் என்ன மாப்பிள்ளை? என் மடியைவிடப் பத்திரமான இடம் இருக்கிறதா?" என்றாள் என் மனைவி. நானும் அதையே ஆமோதித்தேன். மறுநாள் விடியலில் வாடகைக் காரில் புறப்பட்டோம்.

உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் ஒரு பசு சாலையின் குறுக்கே வந்தது. ஓட்டுநர் தக்க சமயத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உறங்கிக்கொண்டிருந்த குழந்தை என் மனைவியின் கைகளிலிருந்து நழுவி, முன்னிருக்கையின் பின்புறத்தில் மோதிற்று. நெற்றியில் மூன்று தையல்கள். தையல் போட்ட தலையில் கத்தி வைக்கலாகாது. அம்மனைத் தொலைவிலிருந்து வணங்கி, மஞ்சள் துணியில் ஒரு நாணயம் முடிந்துகொண்டு திரும்பினோம். என் மனைவி அன்றிரவு முழுவதும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கைகளில் பிழையில்லை. பிழை எங்கள் கணக்கில். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மோதி நின்றால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தின் விசையோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கரமும் அதனைத் தாங்காது. எங்களுக்கு நேர்ந்தது மோதலன்று, வெறும் தடைதான். அதற்கே இவ்வளவு.

விமானத்திலும் இதே நியதிதான். 1989-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டி நகரில் யுனைடெட் நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானம் தரையிறங்குகையில் நொறுங்கியது. அதிலிருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். மடியில் வந்த சிறு குழந்தைகள் நால்வர். அக்கால நடைமுறைப்படி அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. அவர்களுள் ஒரு குழந்தை உயிர் இழந்தது. அந்த அறிவுரையைச் சொல்ல நேர்ந்த தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று பின்னர் பல்லாண்டுகள் போராடினார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதனைச் சட்டமாக்கவில்லை. கூடுதல் பயணச்சீட்டின் செலவுக்கு அஞ்சிக் குடும்பங்கள் சாலை வழியே சென்றால் உயிரிழப்பு மிகும் என்பது அதன் வாதம். ஆயினும், மடியைவிட அங்கீகாரம் பெற்ற தனி இருக்கையே பாதுகாப்பானது என்று அந்நிர்வாகமே வலியுறுத்துகின்றது.

இரண்டாம் பயணத்திற்கு முன் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது இருக்கையில் ஒட்டியுள்ள சீட்டு. அமெரிக்காவில் விற்கப்படும் இருக்கையாயின், மோட்டார் வாகனங்களிலும் விமானங்களிலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும். அவ்வாசகம் இல்லாதது காருக்கு எவ்வளவு சிறந்ததாயினும் விமானத்திற்கு ஆகாது. சற்றுப் பெரிய குழந்தைகளை உயர்த்தி அமர்த்தும் பூஸ்டர் இருக்கையை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பயன்படுத்த இயலாது. அதற்குத் தோள் வார் தேவை. விமானத்தில் இடுப்பு வார் மட்டுமே உண்டு.

இரண்டாவது, அகலம். அடிப்பாகம் 16 அங்குலத்திற்குள் இருந்தால் பெரும்பாலான விமான இருக்கைகளில் பொருந்தும். வீட்டிலேயே அளவு நாடாவால் அளந்துவிடுங்கள்.

மூன்றாவது, எடை. சில இருக்கைகள் நான்கைந்து கிலோ. சில பத்துக் கிலோவைத் தாண்டும். விலை உயர்ந்ததும் கனமானதுமே பாதுகாப்பு மிக்கது என்று எண்ண வேண்டியதில்லை. விற்பனைக்கு வரும் எல்லாமே அந்நாட்டின் அடிப்படைத் தரத்தை நிறைவு செய்தாக வேண்டும். பயணத்திற்கு இலேசானதே நலம். கைக்குழந்தைக்குரிய தொட்டில் வடிவ இருக்கையாயின், அதன் அடித்தட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, வார் கொண்டு கட்டும் முறை உண்டா என்று கையேட்டில் பாருங்கள். விபத்தில் சிக்கியதோ, காலாவதி ஆனதோ, பழைய வரலாறு தெரியாததோ வேண்டாம்.

நான்காவது, வார் மட்டுமே கொண்ட கேர்ஸ் என்னும் சாதனம். 10 முதல் 20 கிலோ வரை எடையும், ஒரு மீட்டருக்குள் உயரமும் உள்ள குழந்தையை விமான இருக்கையோடு பிணைக்க இதற்கு அங்கீகாரம் உண்டு. கைப்பையில் அடங்கும். ஆனால் காரில் இதனைப் பயன்படுத்த இயலாது. சென்னையில் இறங்கித் திருச்சிக்குச் செல்வோர் இதனை மட்டும் நம்பினால், மீண்டும் பாட்டியின் மடியில்தான் வந்து நிற்க வேண்டும்.

அடுத்து, பயணச்சீட்டு. வெளிநாட்டுப் பயணங்களில் மடிக் குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். தனி இடம் என்றால் பல மடங்கு ஆகும். வங்கியில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எனக்கு அந்த வேறுபாடு உறுத்தவே செய்தது, மறைக்கவில்லை. எங்கள் பேத்திக்கு இரண்டாம் பயணத்தின்போது இரண்டு வயது கடந்துவிட்டதால் தனி இடம் கட்டாயமாயிற்று. கைக்குழந்தை உள்ளோர் தம் வசதிக்கேற்ப முடிவு செய்யலாம். ஒன்று மட்டும்: தொங்கு தொட்டிலை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பயன்படுத்த விடமாட்டார்கள். ஆகவே அது தனி இருக்கைக்கு ஈடாகாது.

அமெரிக்க விமானங்களில், குழந்தைக்கு இடம் வாங்கியிருந்தால், சான்று பெற்ற இருக்கையை மறுக்க இயலாது. பிற நாட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி விதி. இருக்கையின் பெயரையும் அகலத்தையும் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, விடையை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறர் வெளியேறத் தடையாகாதவாறு ஜன்னலோர இடமே உகந்தது. அவசர வழி வரிசையும் அதற்கு முன்பின் வரிசைகளும் கூடா. காற்றுப்பை பொதிந்த வார் உள்ள இருக்கைகளும் பொருந்தா.

சென்னையில் இறங்கிய பின்தான் உண்மையான சோதனை. வாடகைக் கார்களில் பின் இருக்கையின் வார்ப்பூட்டு உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். வண்டியை அமர்த்தும்போதே பின் வார்கள் இயங்குகின்றனவா என்று கேளுங்கள். அமெரிக்கக் கார்களின் வாரை முழுவதும் இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் அவ்வசதி இல்லை. ஆகவே வாரைப் பூட்டும் அமைப்பு இருக்கையிலேயே உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லையெனில் அதற்கான இரும்புக் கவ்வி தேவைப்படும். காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருந்தால் வேலை எளிது. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில், பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கலாகாது.

நம் ஊருக்கே உரிய சில குறிப்புகள். வெயிலில் நின்ற காரின் வார்ப்பூட்டு சுடும்; நிற்கும்போதெல்லாம் ஒரு துண்டால் மூடி வையுங்கள். கழுத்துச் சங்கிலி வாருக்கு அடியில் அழுந்தும், பயணத்தில் கழற்றிவிடுங்கள். மொட்டையடித்த தலைக்குச் சந்தனம் பூசியபின் கறை படியுமே என்று குழந்தையின் முதுகுக்கும் இருக்கைக்கும் இடையே தடித்த துணி வைக்காதீர்கள், வார் தளர்ந்துவிடும். கறை போனால் போகட்டும்.

2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வாராலோ, உரிய இருக்கையாலோ பிணைக்காமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். இச்செய்தி பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாமலேதான் இருந்தது.

மூன்றாம் வயதில் பேத்தி மீண்டும் வந்தாள். விமானத்தில் தன் இருக்கையிலேயே அமர்ந்து, அதிலேயே உறங்கி வந்ததாக மகள் சொன்னாள். சென்னையில் அதே இருக்கையைக் காரில் பொருத்த அரைமணி நேரம் ஆயிற்று. நடுவழியில் குழந்தை, "பாட்டி, மடி" என்று அழுதது. என் மனைவி அருகில் அமர்ந்து அதன் காலை வருடிக்கொண்டே வந்தாள், எடுக்கவில்லை. அவள் கண்கள் கலங்கியிருந்தன. பெரம்பலூருக்கு அருகே வண்டியை நிறுத்திய பிறகுதான் வாரி எடுத்துக்கொண்டாள்.

சமயபுரத்தில் முடிந்து வைத்த நாணயத்தைச் செலுத்தினோம், முடியும் இறக்கினோம். பக்தர்களின் நலனுக்காக மாசி, பங்குனியில் 28 நாட்கள் தானே பச்சைப் பட்டினி விரதம் இருப்பவள் அந்த அன்னை. பிள்ளைகளுக்காகத் தன் சுகத்தைத் துறப்பதே தாய்மை என்று அவள் காட்டுகிறாள். மடியில் வைத்துக் கொஞ்சும் சுகத்தைச் சில மணி நேரம் துறப்பது நம்மாலும் இயலும். மாலையில் திருவெள்ளறை சென்று புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்தோம். திரும்புகையில், வாரைப் பூட்டும் ஓசை கேட்ட பின்னரே வண்டியை எடுக்குமாறு ஓட்டுநரிடம் சொன்னவள் என் மனைவிதான்.