நாற்பத்து மூன்றில் கிடைத்த விடை

என் மைத்துனர் டெல்லியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவர் போட்ட கணக்கில் ஒரு தவறு இருக்காது. ஆனால் ஃபோன் அடிக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அப்படியே உறைந்துவிடுவார். கல்யாண வீட்டுக்கு வந்தால் பந்தி முடிவதற்குள் வெளியே போய் நிற்பார். "திமிர் பிடிச்சவன், யாரோடயும் ஒட்டமாட்டான்" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம்.

மகனை மருத்துவரிடம் காட்டப் போனார்கள். மருத்துவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், "எனக்கும் சின்ன வயசுல அப்படித்தான் சார்" என்று இவரே பதில் சொன்னாராம். மகனோடு அப்பாவுக்கும் ஆட்டிசம் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 43.

இது நாற்பதில் வரும் நோயா? இல்லை. ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி., டிஸ்லெக்சியா எல்லாம் மூளை இயங்கும் விதத்தில் சிறுவயதிலேயே உள்ள வேறுபாடுகள். தாமதமாக வருவது பெயர் மட்டுமே.

ஏன் இத்தனை தாமதம்? 1943-இல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்த பிறகும், வெகுகாலம் அது அபூர்வமான குழந்தைப் பிரச்சினை என்றே கருதப்பட்டது. நன்றாகப் பேசிப் படிப்பவர்களிடமும் அது உண்டு என்பதை 1981-இல் லண்டனில் லோர்னா விங் எடுத்துக்காட்டினார். நம் டெல்லியில் மேரி பரூவா என்ற தாய் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கியது 1991-இல்தான். 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பள்ளிக்குப் போனவர்களை யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

பெரியவர்களைப் பரிசோதிக்கும்போது மருத்துவர் குழந்தைப் பருவத்தைத்தான் துருவிக் கேட்பார். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதில் ஒரு சங்கடம். பழைய பள்ளி ரிப்போர்ட்டுகள் வீடு மாறியதில் போயிருக்கும். விவரம் சொல்லக்கூடிய அம்மா ஊரில் இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நல்லது.

ஆட்டிசத்தை மாற்ற மருந்து இல்லை. ஏ.டி.ஹெச்.டி.க்கு மனநல மருத்துவர் தரும் மருந்து பலருக்குப் பயன்படுகிறது. ஆனால் இருவருக்குமே அலுவலகத்தில் சின்ன மாற்றங்கள் பெரிய உதவி: வேலையை வாயால் சொல்லாமல் எழுதித் தருவது, ஓரத்து நாற்காலி, மெட்ரோ கூட்டம் குறைந்த நேரத்தில் வர அனுமதி.

இதைக் கேட்பது சலுகைப் பிச்சை அல்ல. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 21 வகை ஊனங்களில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.ஹெச்.டி. தனியாகப் பெயர் சொல்லப்படவில்லை. அரசு வேலை இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதச் சான்றிதழ் வேண்டும். ஆனால் 40 சதவீதம் இல்லை என்பதற்காக நியாயமான வசதியை மறுக்கக்கூடாது என்று, கை எழுத ஒத்துழைக்காத ஒரு ஐ.ஏ.எஸ். தேர்வாளரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அலுவலகத்தில் சொல்வதா, வேண்டாமா என்பது மட்டும் அவரவர் முடிவு.

முடிவு தெரிந்த அன்று மைத்துனர் அழுதாராம். "நான் கெட்டவன் இல்லன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். அந்த நாற்பது வருடத்தைத் திருப்பித் தர நம்மால் முடியாது. அடுத்த கல்யாணத்தில் அவர் வெளியே போய் நின்றால், இலையைப் பிறகு போடலாம் என்று விட்டுவிட முடியும்.