எஸ்கலேட்டருக்கு முன்பே வந்தவர்கள்

தெருத் தாளம் – 6

போன வாரம் நியூயார்க்கின் பிராங்ஸில் இருந்தோம். பள்ளிக்கூடத் துணிமணிக்குக் காசு சேர்க்கத் தங்கை சிண்டி நடத்திய விருந்தில் அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றியது 1973 ஆகஸ்ட் 11. அங்கே கிளம்பிய ஹிப் ஹாப் சத்தம் கேசட்டுகளிலும் சினிமாவிலும் ஏறி ஊர் ஊராகப் போனது. அப்படிப் போய்ச் சேர்ந்த இடங்களில் கொலம்பியாவின் மெடெயின் நகரத்தை என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை. ‘நார்கோஸ்’ தொடர் பார்த்தவர்களுக்கு அது போதைப்பொருள் தாதா பாப்லோ எஸ்கோபாரின் ஊர்.

1991ல் அந்த நகரத்தில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 பேர் கொலையானார்கள். 1993 டிசம்பரில் எஸ்கோபாரைச் சுட்டுக் கொன்றபின் எல்லாம் சரியாகிவிட்டது என்பது சினிமாக் கதை. ஊரின் மேற்கு ஓரத்து மலைச்சரிவில் இருக்கும் கொமூனா 13 என்ற பகுதிக்குக் கெட்ட காலமே அதற்குப் பிறகுதான் வந்தது.

கிராமங்களில் நடந்த சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், யாரும் சீந்தாத மலைப் புறம்போக்கில் செங்கல்லும் தகரமும் வைத்துக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. ஒரு வீட்டின் கூரைக்கு மேலே அடுத்த வீட்டின் வாசல். தெரு என்று சொல்ல ஒன்றுமில்லை, படிக்கட்டுதான். கேஸ் சிலிண்டரோ அரிசி மூட்டையோ தோளில்தான் ஏறவேண்டும். ஆனால் அந்த மலையை ஒட்டித்தான் கடற்கரைப் பக்கம் போகும் பாதை. துப்பாக்கி வரவும் கொக்கெய்ன் போகவும் அதைவிட வசதியான வழி கிடையாது. ஆகவே இடதுசாரி கெரில்லாக்கள், வலதுசாரித் துணை ராணுவக் குழுக்கள், உள்ளூர் ரவுடிகள் என்று எல்லோருக்கும் அந்த மலை வேண்டியிருந்தது. அங்கே குடியிருந்தவர்கள்தான் யாருக்கும் வேண்டாதவர்கள்.

2002ல் அரசாங்கம் அந்தப் பகுதிக்குள் அடுத்தடுத்துப் பல ராணுவ நடவடிக்கைகளை நடத்தியது. மே 21ல் நடந்ததன் பெயர் மாரிஸ்கால். குழந்தைகள் உட்பட சாதாரண ஜனங்கள் செத்தார்கள். குண்டடிபட்டவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல், யாரோ ஒருவர் வெள்ளைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் இன்னொருவர். கைக்குட்டை, படுக்கை விரிப்பு, கிடைத்ததையெல்லாம் ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாக இறங்கினார்கள். அன்று துப்பாக்கிகள் ஓய்ந்ததற்கு அந்தத் துணிகள்தான் காரணம்.

அக்டோபர் 16ல் வந்தது ஓரியன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர், மேலே ஹெலிகாப்டர். கெரில்லாக்கள் விரட்டப்பட்டார்கள், அவர்கள் இருந்த இடத்தில் துணை ராணுவக் குழு வந்து உட்கார்ந்தது. ராணுவத்தோடு சேர்ந்தே வேலை செய்தோம் என்று அந்தக் குழுவின் தலைவன் டான் பெர்னா பின்னாளில் அமெரிக்கச் சிறையிலிருந்து வாக்குமூலம் கொடுத்தான். ஓரியனுக்குப் பிறகு பல இளைஞர்கள் காணாமல்போனார்கள். கட்டட இடிபாடுகளைக் கொட்டும் ‘லா எஸ்கொம்ப்ரேரா’ என்ற மேட்டில்தான் பிள்ளைகளைப் புதைத்திருக்கிறார்கள் என்று தாய்மார்கள் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பையன்கள் மைக்கைப் பிடித்தார்கள். ராணுவம் தன் வேலைக்குப் பெயர் வைக்கிறதா, நாமும் வைப்போம் என்று தங்கள் கச்சேரிக்கு ‘ஆப்பரேஷன் எலீட் ஹிப் ஹாப்’ என்று பெயர் சூட்டினார்கள். 2004 முதல் ‘சாவில்லாத புரட்சி’ என்ற பெயரில் வருடாந்திர விழாவே நடத்தினார்கள். பெயரைக் கவனியுங்கள். புரட்சி பேசிய கெரில்லாவுக்கும் சாவைக் கொண்டுவந்த ராணுவத்துக்கும் ஒரே அடியில் பதில்.

இதெல்லாம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். ‘கலையால் மாற்றம்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். கொமூனாவில் கண்ணுக்குத் தெரியாத எல்லைகள் உண்டு. இந்தப் படிக்கட்டு வரை ஒரு கும்பல், அந்த மளிகைக்கடையைத் தாண்டினால் வேறொரு கும்பல். தப்பான படியில் கால் வைத்ததற்காகவே பையன்கள் செத்திருக்கிறார்கள். அத்தை வீட்டுக்குப் போகமுடியாது, பக்கத்துப் பகுதிப் பள்ளிக்கூடத்தில் சேரமுடியாது. பதினான்கு வயதுப் பையனுக்கு இருந்த வழி இரண்டே இரண்டு. வீட்டுக்குள் அடைந்து கிடப்பது, இல்லையென்றால் அவனவன் ஏரியாக் கும்பலில் சேருவது. கும்பலில் பெயர் கிடைக்கும், காசு கிடைக்கும், நாலு பேர் பயப்படுவார்கள்.

மைக்கைப் பிடித்தவர்கள் சின்னப் பையன்களுக்கு நடத்திய ஹிப் ஹாப் வகுப்பு இந்தக் கணக்கில்தான் கை வைத்தது. ராப், டிஜே, பிரேக் டான்ஸ், கிராஃபிட்டி ஆகிய நான்குக்கும் பெரிய முதலீடு தேவையில்லை. ஆட ஒரு சிமெண்டுத் தரை போதும், பாட்டுக் கட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயரும் கிடைத்தது, பட்டப்பெயராக. சண்டையும் உண்டு, வட்டத்துக்கு நடுவில் நின்று வார்த்தையால் எதிராளியை மண்ணைக் கவ்வவைக்கலாம். முக்கியமாக, வெவ்வேறு ஏரியாப் பையன்கள் ஒரே கூரையின் கீழ் வரவேண்டியிருந்தது. நகரத்தின் வடகிழக்கில் அரான்ஹுவேஸ் பகுதியிலும் இதே வேலையை ‘குரூ பெலிக்ரோசோஸ்’ என்ற குழு ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் இலவசமாகச் செய்துவந்தது. கொமூனாவில் ‘அக்ரோஆர்ட்டே’ என்று இன்னொரு கூட்டம். ராப் பாடகர்களும் வயதான பெண்களும் சேர்ந்து செடி நடுகிறவர்கள். காணாமல்போனவர்களின் நினைவாகக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் செடி வைத்தார்கள். பாட்டிக்குச் செடி தெரியும், பேரனுக்குப் பாட்டுத் தெரியும். இந்தக் கூட்டணிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அதற்காக ‘ராப் வந்தது, ரத்தம் நின்றது’ என்று நான் எழுதப்போவதில்லை. அது பொய். கொலைகள் குறைந்ததில், டான் பெர்னா என்ற ஒரே தாதாவின் கைக்கு ஊர் முழுக்கப் போய்விட்டதற்கும் பங்குண்டு. 2008ல் அவனை அமெரிக்காவுக்கு நாடுகடத்தியதும் அவனுடைய ஆட்களே நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். 2009ல் நகரத்தில் விழுந்த கொலைகள் முந்தைய ஆண்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த அலையில்தான் ஆகஸ்ட் மாதம் கொலாச்சோ என்ற ராப் பாடகர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது இருபதைத் தொட்டிருந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் இன்னும் பல ஹிப் ஹாப் கலைஞர்கள். 2012 அக்டோபரில் எல் டூக்கே என்ற கலைஞர் கொல்லப்பட்டபோது பலர் மூட்டை கட்டிக்கொண்டு வேறு பகுதிகளுக்கு ஓடினார்கள். பையன்களைத் தங்களிடமிருந்து பிரிக்கிறவர்களைக் கும்பல்களுக்குப் பிடிக்காமல்போனதில் ஆச்சரியம் என்ன?

ஓடாமல் நின்றவர்கள், ஓடித் திரும்பியவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மையத்தின் பெயர் ‘காசா கொலாச்சோ’, கொலாச்சோவின் வீடு. கொலாச்சோவோடு ஒரே குழுவில் பாடிய ஜெய்கோ அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். சுவரோவியங்களைச் சுற்றிக்காட்டும் ‘கிராஃபிட்டூர்’ நடத்தி, அந்த வருமானத்தில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. வரைந்தவர்களே கூட வந்து, எந்தச் சுவர் எந்தச் சாவைப் பேசுகிறது என்று சொல்வார்கள். ஒரு சுவரில் யானைகள் வெள்ளைக் கைக்குட்டை பிடித்திருக்கும். யானை மறக்காது என்பார்கள், கைக்குட்டை மாரிஸ்கால் நாளுடையது. இப்படி ஒன்றை ஏற்கெனவே தெரிந்தவர் சொன்னால்தான் புரியும். செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்கிறவருக்கு அது வெறும் அழகான யானை.

2011 டிசம்பரில் நகராட்சி அந்தச் சரிவில் திறந்தவெளி எஸ்கலேட்டர் போட்டது. ஆறு கட்டமாக 384 மீட்டர். முப்பது நிமிடத்துக்கு மேல் ஏறிய ஏற்றம் ஆறு நிமிடமானது. நல்ல காரியம், மறுக்கவில்லை. முழங்கால் வலிக்காரக் கிழவிகளைக் கேட்டால் எந்த ராப் பாட்டையும்விட அதுதான் பெரிது என்பார்கள். ஆனால் உலகப் பத்திரிகைகள் எழுதியதைப் படித்தால், மின்படி வந்தது, மலை மாறியது என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பத்தாண்டு முன்பே தொடங்கிய உயிர்ப் பணயம் அடிக்குறிப்பாகிவிட்டது.

இன்று அங்கே கூட்டம் தாங்கவில்லை. எஸ்கலேட்டர் ஓரமெல்லாம் கடை, ஒலிபெருக்கி, எஸ்கோபார் முகம் போட்ட பனியன். ஹிப் ஹாப் கொண்டுவந்த கூட்டத்துக்கு, ஹிப் ஹாப் எதிர்த்து நின்ற வன்முறையின் முகமே விற்பனைச் சரக்கு. சத்தத்தில் தூங்கமுடியவில்லை என்று குடியிருப்பவர்கள் புலம்புகிறார்கள். காசு புரளும் இடத்தில் மாமூல் வசூலும் வந்துவிட்டது. வகுப்புக்குப் போன பையனின் வீட்டு வாடகை ஏறினால் அந்த வகுப்பு யாருக்கு நடந்தது என்று கேட்கத்தானே வேண்டும்?

என்னைக் கேட்டால், ஒரு நகரம் தன் ஹிப் ஹாப்பை உண்மையிலேயே மதிக்கிறதா என்பதைச் சுற்றுலாக் கையேட்டை வைத்துச் சொல்லமுடியாது. தனக்குப் பிடிக்காத சுவரை அது என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். லா எஸ்கொம்ப்ரேராவில் 2015ல் தோண்டியபோது எதுவும் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் மறுபடி தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. இருபத்திரண்டு வருடம் கழித்துத் தாய்மார்களின் வார்த்தை மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தது. அம்மாக்கள் சொன்னதுதான் சரி என்று கிராஃபிட்டிக் கலைஞர்கள் நகரத்துச் சுவர் ஒன்றில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். 2025 ஜனவரியில் நகர நிர்வாகம் அதன்மேல் சாம்பல் வண்ணம் அடித்தது. யானை இருக்கலாம், பறவை இருக்கலாம், அந்த வாக்கியம் மட்டும் ஆகாது! கலைஞர்கள் திரும்பி வந்து அதே வாக்கியத்தை மறுபடி எழுதினார்கள். நாட்டின் மற்ற ஊர்ச் சுவர்களிலும் அது முளைத்தது.

அடுத்த வாரம் நம் ஆட்களிடமே வருகிறோம், தாராவிக்கு. ‘காலா’ படத்தில் கேட்ட டோப்அடெலிக்ஸ் குழு அந்தச் சந்துகளிலிருந்து வந்ததுதான். 2015 முதல் அங்கே ஓர் இலவச ஹிப் ஹாப் பள்ளியும் நடக்கிறது. தாராவியில் பிறந்து வளர்ந்த வாசகர்கள், அங்கே ராப் கற்றுக்கொண்ட, கற்றுக்கொடுத்த அனுபவம் இருந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். வீட்டில் என்ன திட்டு வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து.

(தொடரும்)