முறுக்கு அச்சும் பட்டன் கண்களும்: ‘கோரலைன்’ எப்படி இயங்குகிறது?

மேசையில் வறுத்த கோழி. குழம்பு ஒரு குட்டி ரயிலில் ஏறித் தட்டுக்கு வருகிறது. மாம்பழ மில்க்‌ஷேக் வேண்டும் என்று சிறுமி கேட்டதும், தலைக்கு மேலே தொங்கும் சரவிளக்கு இறங்கிவந்து ஊற்றுகிறது. பரிமாறும் அம்மா சிரிக்கிறாள். அவளுக்குக் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பட்டன்கள்.

‘கோரலைன்’ படத்தின் விருந்துக் காட்சி இது. நீல் கெய்மன் 2002இல் எழுதிய நாவலை, ஹென்றி செலிக் இயக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து லைக்கா ஸ்டுடியோ 2009இல் படமாகத் தந்தது. கோரலைன் என்ற அந்தச் சிறுமியைப் பொறியில் சிக்கவைப்பது ருசியான சாப்பாடு. ஆகவே, இந்தப் படம் உருவான விதத்தையும் நம் வீட்டுத் திரைக்கு வந்துசேரும் விதத்தையும் அடுக்களையில் நின்றே பார்த்துவிடலாம்.

ஒரு கரண்டி, 24 நிறுத்தம்

சட்டியிலிருந்து ஒரு கரண்டி குழம்பை எடுத்துத் தட்டில் ஊற்ற ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வினாடியை 24 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் கையை நிறுத்தி, ஒரு புகைப்படம் எடுத்துவிட்டு, மறுபடி நூலளவு நகர்த்தினால் அதுதான் ஸ்டாப் மோஷன். 100 நிமிடப் படத்துக்குக் கணக்குப் போட்டால் 1,44,000 படங்கள். இப்படிப் பொம்மைகளை நகர்த்தி எடுத்த ‘கோரலைன்’ 3டி படம் வேறு. பொம்மையை அசைக்காமல் ஒரு கண்ணுக்கு ஒரு படம், கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி மறு கண்ணுக்கு ஒரு படம். வேலை இரட்டிப்பானது. படப்பிடிப்பு சுமார் ஒன்றரை ஆண்டு நடந்தது.

முறுக்கு உரலும் வில்லையும்

பொம்மை ஒரு சாண் உயரம்தான். அது எப்படி முகம் சுளிக்கிறது, சிரிக்கிறது, பேசுகிறது? நம் வீட்டு முறுக்கு உரலை நினைத்துக்கொள்ளுங்கள். உரல் ஒன்றுதான். முள்ளுமுறுக்குக்கு ஒரு வில்லை, ஓமப்பொடிக்கு ஒரு வில்லை, ரிப்பன் பக்கோடாவுக்கு ஒரு வில்லை. கோரலைனின் உடலும் அப்படித்தான். முகத்தைக் கழற்றி வேறு முகத்தை மாட்டலாம். அந்த முகங்களை 3டி பிரிண்டரில் அச்சிட்டு, கையால் வண்ணம் பூசினார்கள்.

முகத்தை ஒரே துண்டாக மாற்றவில்லை. நெற்றியும் புருவமும் ஒரு துண்டு, வாயும் தாடையும் இன்னொரு துண்டு. இட்லி, தோசை, பொங்கல் என மூன்று பலகாரமும் நான்கு சட்னியும் இருந்தால் பன்னிரண்டு விதமாகச் சாப்பிடலாம் அல்லவா? அதே பெருக்கல்தான். இப்படிச் சேர்த்துப் பார்த்தால் கோரலைனுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமான முகபாவங்கள் கிடைத்தன. இரு துண்டுகளும் சேரும் கோட்டைக் கம்ப்யூட்டரில் ஃபிரேம் ஃபிரேமாக அழித்தார்கள். இந்த அச்சு முறைக்காக 2016இல் லைக்காவின் இரு கலைஞர்களுக்கு ஆஸ்கர் அகாடமியின் அறிவியல்–தொழில்நுட்ப விருது கிடைத்தது.

மற்றதில் பெரும்பகுதி கைவேலை. கோரலைனின் ஸ்வெட்டரை ஆல்தியா குரோம் என்ற பின்னல் கலைஞர் தலைமுடி போன்ற மெல்லிய ஊசிகளால் பின்னினார். செர்ரி மரம் பூத்துக் குலுங்குகிறதே, அந்தப் பூக்கள் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த பாப்கார்ன்!

சல்லடை, கரண்டி, பந்தி

இவ்வளவு உழைப்பும் நம் திரைக்கு எவ்வளவு வந்துசேர்கிறது? அதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது சல்லடை. டிவிடியில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் மூன்றரை லட்சம் புள்ளிகள். ப்ளூரேயின் முழு எச்டியில் சுமார் 20 லட்சம். 4கேயில் சுமார் 83 லட்சம். கண் பெரிதான சல்லடையில் ரவையும் மாவும் ஒன்றாக விழுந்துவிடும். டிவிடியில் ஸ்வெட்டரின் இழைகள் அப்படித்தான் ஒரே நிறத் திட்டாகின்றன. நல்ல எச்டியில் இழை தனித்தனியாகத் தெரியும். ஆனால், பழைய பிரதியையே இழுத்துப் பெரிதாக்கி ‘4கே’ என்று பெயர் ஒட்டினால் அது சாம்பாரில் தண்ணீர் சேர்ப்பது. அளவு கூடும், பருப்பு கூடாது.

இரண்டாவது அளவுக் கரண்டி. சாதாரண எச்டி ஒவ்வொரு அடிப்படை நிறத்தையும் 256 படிகளாக அளக்கிறது. எச்டிஆர் வசதியுள்ள 4கே வட்டு 1,024 படிகளாக அளக்கிறது. உப்பைக் குழம்புக் கரண்டியால் போடுவதற்கும் சிட்டிகையால் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. பட்டப்பகல் காட்சியில் பெரிதாகத் தெரியாது. கோரலைன் தவழ்ந்துபோகும் சுரங்கப்பாதை கருநீலத்திலிருந்து ஊதாவுக்கு மெல்ல மாறுகிறதே, அங்கே தெரியும். கரண்டி பெரிதாக இருந்தால் அந்த இருட்டு வழுக்கிக்கொண்டு போகாது. பட்டை பட்டையாக உடையும். பட்டை தெரிந்த இடத்தில் பயம் போய்விடும்.

மூன்றாவது பந்தி. முழு எச்டிப் படத்தைச் சுருக்காமல் வைத்தால் சுமார் 900 ஜிபி ஆகும். இரட்டை அடுக்கு ப்ளூரே வட்டின் கொள்ளளவு 50 ஜிபி. எப்படி அடைக்கிறார்கள்? பந்தியில் ஒவ்வொரு கறிக்கும் புது இலை போடுவதில்லை. இலையில் எது தீர்ந்ததோ அதை மட்டும் மறுபடி பரிமாறுகிறோம். வீடியோவும் அப்படியே. ஒரு முழு ஃபிரேமை வைத்துவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறியதை மட்டும் எழுதிவைக்கும். காட்சி மாறினால் புது இலை. இணைய ஒளிபரப்பில் வேகம் குறைந்தால், பரிமாறுபவர் பாயசத்தை விட்டுவிட்டு ஓடுவார். முதலில் காணாமல்போவது இருட்டின் நுணுக்கமும் துணியின் நெய்தலும்தான்.

உங்கள் இலையில்

படத்தின் தொடக்கத்தில் ஊசி விரல்கள் ஒரு துணிப்பொம்மையைப் பிரித்து, உள்ளே இருப்பதை உருவி, புதிதாக நிரப்பித் தைக்கின்றன. அந்தக் காட்சியை வைத்தே உங்கள் பிரதியைச் சோதிக்கலாம். நூலின் முறுக்கும் பட்டனின் துளையும் தெளிவாகத் தெரிந்தால் அது நல்ல பிரதி.

இந்தப் படம் 2022இல் 4கே வட்டாக வந்தது. 2024இல் 15ஆம் ஆண்டை ஒட்டி மறுபடி திரையரங்குகளுக்கும் வந்தது. நீங்கள் எந்தப் பிரதியில் பார்த்தாலும் இரண்டு காரியம் செய்யுங்கள். அறை விளக்கை அணையுங்கள். டிவி அமைப்பில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே தானாக ஒரு ஃபிரேமைக் கற்பனை செய்து செருகும். ஒரு நொடிக்கு 24 முறை நிறுத்தி நிறுத்திச் சமைத்தவர்களின் கைப்பக்குவத்தில் இயந்திரம் கைவைக்க வேண்டாம்.