சாணியோடு வைக்கோல் சேர்ந்தால் அடுப்பு எரியும்! கட்டுத்தரை கழுவின தண்ணியையும் வீணாக்காதீங்க

சேந்தமங்கலம்:-

கொல்லிமலை அடிவார கிராமங்களில் கட்டுத்தரை கழுவின தண்ணி சாக்கடைக்குப் போகிறது. மழையில் நனைந்த வைக்கோல் குப்பைமேட்டுக்குப் போகிறது. இரண்டையும் சாண எரிவாயு கலனில் சேர்த்தால் அடுப்புக்கு கியாஸ் ரெடி.

காற்றுப் புகாத தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் சாணத்தைத் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. 2 கனமீட்டர் கலனுக்கு தினமும் 50 கிலோ சாணமும், அதே அளவு தண்ணியும் வேண்டும். நல்ல தண்ணி எதற்கு? மாட்டு மூத்திரம் கலந்த கழிவுத் தண்ணியே போதும். சரியாக ஓடினால் 4, 5 பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு சிலிண்டர் மிச்சம்.

வைக்கோல் எதற்கு என்கிறீர்களா? நுண்ணுயிருக்கும் சாப்பாட்டில் அளவு உண்டு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமச்சத்து இருந்தால்தான் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். கோழி எச்சத்தில் தழைச்சத்து அதிகம். அதை மட்டும் கொட்டினால் அம்மோனியா ஏறி கியாஸ் படுத்துவிடும். வைக்கோலில் கரிமச்சத்து அதிகம் என்பதால் கணக்கு நேராகும்.

மாட்டுக்குப் போடுகிற நல்ல வைக்கோலை யாரும் இதில் போடவேண்டாம், அது நஷ்டம். மாடு கழித்துப் போட்டது, மக்கினது போதும். முழுசாகப் போட்டால் மிதந்து ஆடைகட்டி குழாயை அடைத்துவிடும். பொடிசா நறுக்கி, கழிவுத் தண்ணியில் சில நாள் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்கணும். சோப்புத் தண்ணி, பினாயில் உள்ளே போனால் நுண்ணுயிர் செத்துவிடும். மார்கழிக் குளிரில் கியாஸ் குறையும், பயப்பட வேண்டாம்.

இதையே பெரிய அளவில் செய்து காட்டியது பக்கத்து புதுச்சத்திரம். அங்கே கோழி எச்சத்தில் மின்சாரம் எடுத்தார்கள். பிறகு வாயுவைச் சுத்தப்படுத்தி, வண்டிக்கு ஊற்றும் எரிபொருளாக்கும் ஆலை 2020-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்தியன் ஆயில் பங்குகளில் 'இண்டிகிரீன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஒன்று மட்டும் உயிர் விஷயம். அடைப்பு எடுக்கிறேன் என்று கலனுக்குள் இறங்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு நொடியில் ஆளைச் சாய்க்கும். விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். கலன் பக்கத்தில் பீடி, தீக்குச்சியும் கூடாது.

கலன் கட்ட நினைப்பவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு குழி தோண்டலாம்.