சென்னை – இலண்டன்: தொலைவும் நேரமும் நோயாளியின் உடலும்

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் முதியோரும், சிகிச்சை முடிந்து ஊர் திரும்புவோரும் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி, “நான் விமானத்தில் செல்லலாமா?” என்பதே. அதற்கு விடை காண, பயணம் எத்தனை மணி நேரம் என்பது தெரிய வேண்டும்.

சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தொலைவு ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது மணி நேரம் போதும் என்று தோன்றும். ஆனால், மேற்கு நோக்கிச் செல்லும் விமானத்தை உயரத்தில் வீசும் எதிர்க்காற்று தாமதப்படுத்துகிறது. பாதையும் வளைந்து செல்கிறது. எனவே, நேரடி விமானத்திற்கே 10 முதல் 11 மணி நேரம் ஆகலாம். நிலையத்தில் காத்திருப்பு, குடியேற்றச் சோதனை, வீடு சேரும் பயணம் ஆகியவற்றையும் சேர்த்தால் 16 மணி நேரத்தைத் தாண்டும். மருத்துவரிடம் இந்த மொத்த நேரத்தையே கூறுங்கள்.

உடலுக்கு நேர்வது என்ன?

விமானத்தினுள் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பானது. இதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறையும். இதயம், நுரையீரல் நோயுள்ளோரும் கடும் இரத்தசோகை உள்ளோரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கண் அறுவையில் வாயு செலுத்தப்பட்டிருந்தால், அது முற்றிலும் கரையும்வரை பறத்தல் கூடாது.

நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகும். அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோருக்கும் புற்றுநோயாளிகளுக்கும் இது கூடுதல். கணுக்காலை அடிக்கடி அசையுங்கள். இயன்றபோது எழுந்து நடங்கள்.

மருந்து வேளை மாறும்

இலண்டன் நேரம் நம் நேரத்திற்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், கோடையில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. குளிர்காலத்தில் சென்னையில் இரவு 9 மணிக்கு இன்சுலின் போட்டவர், மறுநாள் இலண்டனின் இரவு 9 மணிக்குப் போட்டால், இடைவெளி இருபத்தொன்பதரை மணி நேரமாக நீளும். திரும்பும்போது அது பதினெட்டரை மணி நேரமாகச் சுருங்கும். அளவையும் வேளையையும் நீங்களாகவே மாற்றாமல், மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

புறப்படும் முன்

மருந்துகளையும் மருந்துச் சீட்டையும் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெடக்கூடும். சக்கர நாற்காலியும் ஆக்சிஜனும் தேவையெனில் விமான நிறுவனத்திடம் முன்னரே தெரிவியுங்கள். பயணத்தின்போதோ, பிந்திய வாரங்களிலோ ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

பயணச்சீட்டு வாங்கும் முன்னரே மருத்துவரைக் கலந்து பேசுவது, செலவையும் கவலையையும் தவிர்க்கும்.